மரை பிடிக்கும் இடம்

மேசைக்கு மேலே கண்ணாடி அலமாரியில் கேமராக்கள் வரிசையாக நிற்கின்றன. யாஷிகா, பென்டாக்ஸ், நிக்கான், ஓரத்தில் ஒரு ரோலிகார்ட். உள்ளே வருகிறவர்களின் கண் முதலில் அங்கேதான் போகும். கடைக்காரர் பாயின் கை போகிற இடம் வேறு. மேசைக்குக் கீழே, உட்கார்ந்தபடியே எட்டும் தூரத்தில், மூடி நெளிந்த பிஸ்கட் டின் ஒன்று இருக்கிறது. அது நிறைய வளையங்கள். கறுப்பு, வெள்ளி, பெயின்ட் தேய்ந்து பித்தளை தெரிபவை, வெளுத்துப்போன அலுமினியம். சிலவற்றில் ஓர் எண் பொறித்திருக்கும். பலவற்றில் அதுவும் இல்லை.

திருவல்லிக்கேணியில் வாலாஜா சாலைப் பக்கத்துச் சந்து. ஆட்டோ ஒன்று நுழைந்தால் எதிரே வருகிறவர் ஏதாவது ஒரு வீட்டுப் படியில் ஏறி நிற்க வேண்டும். கடைக்குப் போர்டு உண்டு, எழுத்து மங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு ஷட்டர் பாதி இறங்கும், தொழுகை முடிந்து இரண்டு மணிக்கு மேல்தான் ஏறும். பாய்க்கு எழுபதைத் தாண்டியிருக்கும். சிறுவனாக மவுண்ட் ரோட்டு ஒர்க்‌ஷாப் ஒன்றில் டீ வாங்கிக் கொடுக்கச் சேர்ந்தவர். அங்கேயே ஸ்க்ரூ டிரைவர் பிடித்து, அங்கேயே ஷட்டர் பிரிக்கக் கற்று, பிறகு இந்தச் சந்துக்கு வந்தவர். அதிகம் பேசமாட்டார். எந்தப் பொருளைக் கொடுத்தாலும் முதலில் அதன் ஓரத்தை நகத்தால் ஒருமுறை சுற்றிப் பார்ப்பார்.

டின்னில் உள்ளவை க்ளோசப் சாமான்கள். பழைய ஃபிலிம் கேமராவின் சாதாரண லென்ஸ் அரை மீட்டருக்குக் கிட்டே போனால் தெளிவை விட்டுவிடும். எறும்பை எடுக்க வேண்டும், பூவின் மகரந்தத்தை எடுக்க வேண்டும் என்றால் லென்ஸை ஃபிலிமிலிருந்து இன்னும் தள்ளி வைக்க வேண்டும். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் செருகும் எக்ஸ்டென்ஷன் ட்யூப் செய்வது அவ்வளவுதான். அதற்குள் கண்ணாடி இல்லை, ஒரு தூரம் மட்டும் இருக்கிறது. 50 மில்லிமீட்டர் லென்ஸுக்குப் பின்னால் 50 மில்லிமீட்டர் ட்யூப் வைத்தால் பொருள் எவ்வளவு பெரியதோ அதே அளவில் ஃபிலிமில் விழும். கணக்கு இவ்வளவு எளிது. கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் லென்ஸுக்கெல்லாம் பூசணம் பிடித்துக்கொண்டிருக்கும்போது இந்த ட்யூபுகளை அது தொடுவதில்லை, தின்பதற்கு உள்ளே ஒன்றும் இல்லாததால். அறுபது வருடம் பரணில் கிடந்தாலும் துடைத்து மாட்டிக்கொள்ளலாம்.

ஆனால் மாட்டுவதற்கு அது எந்தக் கேமராவுடையது என்று தெரிய வேண்டும். சிக்கல் அங்கேதான். கேமராவின் நெற்றியில் பெயர் இருக்கிறது, லென்ஸின் முகத்தில் பெயர் இருக்கிறது. வீட்டைக் காலி செய்கிறவர்கள் அவற்றை விற்றுவிடுகிறார்கள். வளையத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, ஏதோ பைப்பு, ஏதோ மூடி என்று பழைய இரும்புக்காரர் சாக்கில் போட்டுவிடுகிறார்கள். எடைக்குப் போன பித்தளை உருக்கு உலைக்குப் போகிறது. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பார்த்துக் கடைந்த பொருள், கிலோ கணக்கில். இதை நினைக்கும்போது மனம் வேகிறது. அதைத் தடுக்க இந்த ஊரில் இப்போது இருப்பது இப்படிச் சில டின்களும் அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சில கைகளும்தான்.

காலையில் வந்தவர் கும்பகோணம் பக்கத்துக்காரர். ஜவுளிக்கடைக் கட்டைப்பையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு படியேறினார்.

"அப்பாவோட ஸ்டூடியோ சாமான் பாய். கடைய வாடகைக்கு விட்டாச்சு, செல்போன் கடை வெச்சிருக்காங்க. இதெல்லாம் மாடியில கெடந்துச்சு."

"உக்காருங்க. மொதல்ல தண்ணி குடிங்க."

அவர் முதலில் வெளியே எடுத்தது யாஷிகாமேட். அதைத்தான் அவர் நம்பி வந்திருக்கிறார் என்பது அதை மேசையில் வைத்த விதத்திலேயே தெரிந்தது. பாய் வாங்கி, லீவரைச் சுற்றி, ஒரு முறை தட்டி, ஓரமாக வைத்தார். ஷட்டர் பாதியில் நின்றுவிட்டது. அடுத்து ஃபிளாஷ், ட்ரே, ஒயர் ரிலீஸ். பையின் அடியில் பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒன்று. துணியைப் பிரித்ததும் பாயின் முதுகு நிமிர்ந்தது.

பெல்லோஸ். இரண்டு தண்டவாளக் கம்பி, முன்னும் பின்னும் இரண்டு தட்டு, நடுவில் மடிப்பு மடிப்பாகக் கறுப்பு உறை. ட்யூபில் தூரம் நிலையானது, இதில் குமிழைத் திருகித் தூரத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். கிழக்கு ஜெர்மனியின் பிராக்டிகா கேமராவுக்கு என்று செய்தது.

பாய் அதை உடனே இழுக்கவில்லை. வருடக்கணக்கில் மூடிக் கிடந்த மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், இழுத்தால் கிழியும். குமிழை ஒரு பல் அளவு திருப்பினார். நிறுத்தினார். மடிப்பின் இடுக்கில் வாயால் ஊதினார். இன்னொரு பல். கம்பியில் பழைய கிரீஸ் தேனாகக் கெட்டிப்பட்டிருந்தது. மண்ணெண்ணெய் தொட்ட பஞ்சால் அதைத் துடைத்தபடி மறுபடி ஒரு பல். முழுவதும் விரிய நேரமாயிற்று. வந்தவர் அதுவரை தன் அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பாய் "ம்" கொட்டிக்கொண்டிருந்தார், பார்வை மட்டும் மடிப்பை விட்டு விலகவில்லை.

பிறகு ட்யூப்லைட்டை அணைத்தார். ஷட்டரைக் கொஞ்சம் இறக்கினார். செல்போன் டார்ச்சைப் போட்டு, பெல்லோஸின் பின்வாய்க்குள் விட்டு, வாயைத் துணியால் அடைத்தார். இருட்டில் மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார். ஒரு மூலையில் ஊசிமுனை அளவில் வெளிச்சம். இன்னும் கொஞ்சம் திருப்பியதும் அதே வரிசையில் இன்னொன்று. பெல்லோஸ் கிழிவது எப்போதும் மூலையில்தான், மடிப்பு இரண்டு பக்கமும் வளைகிற இடம் அது. சாக்பீஸால் அந்த இடங்களில் வட்டம் போட்டார். லைட் எரிந்தது.

"அப்பா எதுக்கு இத வாங்கினாருன்னு தெரியுமா?"

"காப்பி எடுக்கறதுக்குன்னு சொல்வாரு."

பாய் தலையை ஆட்டினார். காப்பி எடுப்பது. ஸ்டூடியோக்காரர்களுக்கு அது பெரிய வேலை. வீட்டில் பெரியவர் ஒருவர் தவறிப்போவார். தனியாக எடுத்த படம் ஒன்றுகூட இருக்காது. எப்போதோ நடந்த கல்யாணத்தின் குரூப் போட்டோவில், மூன்றாம் வரிசையில், பட்டாணி அளவுக்கு அவர் முகம் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வருவார்கள். சட்டமிட்டு மாலை போட ஒரு படம் வேண்டும், பதினாறாம் நாளுக்குள் வேண்டும். அந்தப் பட்டாணி முகத்தை ஃபிலிம் கொள்ளும் அளவுக்குக் கொண்டுவர பெல்லோஸ் வேண்டும், ட்யூப் வேண்டும், குறைந்தது லென்ஸின் முன்னால் திருகும் க்ளோசப் கண்ணாடியாவது வேண்டும். இரண்டு பக்கமும் சரிந்த விளக்கு, நடுவில் ஆடாத ஸ்டாண்ட், நிழல் விழாமல் மூச்சை அடக்கிய ஒரு க்ளிக். நெகட்டிவ் வந்தபின் பென்சிலால் டச்சிங். தமிழ்நாட்டு வீடுகளின் சுவரில் மாலையோடு தொங்கும் எத்தனையோ படங்கள் இப்படிப் பிறந்தவை. பூச்சியும் பூவும் எடுப்பவர்களுக்கு முன்பே மேக்ரோ என்னும் இந்த க்ளோசப் வேலையை இந்த மண்ணில் தினமும் கையாண்டவர்கள் ஊருக்கு ஊர் இருந்த ஸ்டூடியோக்காரர்கள்தான். அவர்களை யாரும் அந்தப் பெயரில் நினைப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

பையில் இன்னொன்றும் இருந்தது. மாத்திரை டப்பாவுக்குள் பஞ்சு வைத்து, அதற்குள் ஒரு சின்ன லென்ஸ். இஎல்-நிக்கார், 50 மில்லிமீட்டர், எஃப் 2.8. இருட்டறையில் என்லார்ஜரில் மாட்டுவது.

"இது ஒடஞ்ச லென்ஸா பாய்? ஃபோகஸ் ரிங்கே இல்லையே."

"ஃபோகஸ் ரிங் இதுக்குக் கெடையாது. அந்த வேலைய என்லார்ஜர் பாத்துக்கும். நீங்க கொண்டாந்ததுல ஒசத்தி இதுதான். இரும்புக்காரன்கிட்ட போட்டுடாதீங்க."

சொல்லிவிட்டு லென்ஸை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். ஒரு மாசு இல்லை. என்லார்ஜர் லென்ஸ் பக்கத்துப் பொருளுக்கென்றே வடிவமைத்தது. நெகட்டிவின் ஓரம் முதல் நடு வரை ஒரே கூர்மையில் காகிதத்தில் இறக்க வேண்டும் என்பதற்காக. அதனால் பெல்லோஸின் முன்தட்டில் ஒரு மெல்லிய அடாப்டர் வளையம் போட்டு அதை மாட்டினால் அருமையான மேக்ரோ லென்ஸ் ஆகிவிடுகிறது. அதன் மரை 39 மில்லிமீட்டர், பெல்லோஸின் மரை 42. இடையில் வரும் அந்த வளையம் டின்னில் இருந்தது. பாய் பார்க்காமலே துழாவி எடுத்தார்.

விற்க வந்தவருக்கு விவரம் தெரியாது, சொன்ன விலையை வாங்கிக்கொண்டு போயிருப்பார். பாய் யாஷிகாவுக்கு ஒரு விலையும், அந்தச் சின்ன லென்ஸுக்கு அதைவிடக் கூடுதலாக ஒரு விலையும் சொன்னார். பெல்லோஸுக்கு ஓட்டையைக் காட்டிக் குறைத்துச் சொன்னார். வந்தவர் பணத்தை எண்ணாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, போகும்போது வேட்டித் துணியை மட்டும் திருப்பிக் கேட்டு வாங்கிப் போனார்.

மதியத்துக்கு முன் ஒரு டாக்டர் வந்தார். பல் மருத்துவக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஸ்லைடு காட்டிப் பாடம் நடத்திய காலத்தில் பல்லும் ஈறுமாக ஆயிரக்கணக்கில் எடுத்த லென்ஸ், நிக்கானின் 55 மில்லிமீட்டர் எஃப் 2.8 மைக்ரோ. இப்போது வீட்டு மாடியில் செடிகளை எடுக்க ஆசை. அப்பர்ச்சர் இதழ்கள் மூட மறுக்கின்றன. பாய் லென்ஸின் பின்பக்கம் இருந்த சின்ன லீவரை விரலால் தள்ளிவிட்டார். இதழ்கள் சோம்பலாக நகர்ந்தன, அவற்றின் மேல் எண்ணெய் மினுக்கியது. அந்த லென்ஸுக்கு உள்ள பிறவிக் குணம் அது. ஃபோகஸ் மரையில் போட்ட கிரீஸ் வருடம் போகப் போக இளகி இதழுக்கு இறங்கிவிடும். பழையதாக இதை வாங்குகிறவர்கள் கண்ணாடியைப் பார்ப்பதற்கு முன் இதழைத் தட்டிப் பார்க்க வேண்டும். கழுவி வைத்தால் இன்னும் பல வருடம் ஓடும்.

இந்த மைக்ரோ லென்ஸ்களின் வம்சமே எழுத்திலிருந்து தொடங்கியது. ஜப்பானிய ஆவணங்களை மைக்ரோஃபிலிமில் ஏற்றும்போது கான்ஜி எழுத்தின் நெருக்கமான கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கலங்கின. அதைத் தீர்க்க 1956-இல் நிக்கான் 5 சென்டிமீட்டர் மைக்ரோ-நிக்கார் ஒன்றைச் செய்தது. எழுத்தைப் படிக்க வந்த லென்ஸ், பிறகு பல்லையும் பட்டாம்பூச்சியையும் படித்தது.

டாக்டருக்கு அதோடு ஒரு வளையமும் தேவைப்பட்டது. இந்த லென்ஸ் தனியாகப் பாதி அளவு வரைதான் போகும். முழு அளவுக்கு 27.5 மில்லிமீட்டர் நீளத்தில் பி.கே.13 என்ற ட்யூப் சேர வேண்டும். டின்னில் அதே நீளத்தில் இரண்டு இருந்தன. மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்று எம்2, 1977-க்கு முந்தைய காலத்தது. மற்றது பி.கே.13. பாய் இரண்டாவதை எடுத்து அதன் விளிம்பில் இருந்த மேட்டைக் காட்டினார். லென்ஸில் எந்த எஃப் எண் வைத்திருக்கிறோம் என்பதைக் கேமராவின் மீட்டருக்குக் கடத்துவது அந்த மேடுதான். முதலாவதில் அது இல்லை. டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வளையத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். ஐம்பது வருடம் பல்லின் குழியைப் பார்த்தவரின் பார்வை அது. "சின்னதுதான். ஆனா எல்லாமே அதுல இருக்கு" என்றார்.

டின்னில் இல்லாததை பாய் செய்துகொடுப்பதும் உண்டு. லென்ஸைத் திருப்பி, முன்முகம் கேமராவைப் பார்க்கும்படி மாட்டினால் அதுவே க்ளோசப் லென்ஸ் ஆகிவிடும். அதற்கு ரிவர்ஸ் ரிங் வேண்டும். கிடைக்காதபோது கண்ணாடி உடைந்த ஃபில்டர் ஒன்றின் வளையத்தையும் கேமரா மூடி ஒன்றையும் எடுத்துக்கொள்வார். மூடியின் நடுவைக் குடைந்து, இரண்டையும் அரால்டைட்டால் ஒட்டி, ஒரு இரவு பளு வைத்துவிட்டால் காலையில் ரிங் தயார். நடு சரியாக இருக்க வேண்டும், தட்டு சாயக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. காட்டு விலங்குகளைப் படமெடுத்த மா. கிருஷ்ணன் பல இடத்து உதிரிகளைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட கேமராவுக்கு சூப்பர் பாண்டரோசா என்று பெயரிட்டிருந்தார். சென்னையில் வாழ்ந்து 1996-இல் மறைந்த அவருடைய யானைப் படங்களைப் பார்க்கிறவர்களுக்கு அந்த ஒட்டுவேலை தெரியாது. இருப்பதை வைத்து வேண்டியதைச் செய்துகொள்ளும் அந்தக் கைப்பழக்கம் இந்த ஊரில் இன்னும் அற்றுப்போகவில்லை.

மூன்று மணிக்கு மேல் அந்தப் பெண் வந்தாள். கல்லூரியில் விலங்கியல் படிக்கிறவள் என்பது பேச்சில் தெரிந்தது. தோளில் தடித்த தோலுறை. உறையைத் திறந்ததும் கனமான ஒரு கேமரா, நெற்றியில் ரஷ்ய எழுத்து.

"ஜெனிட்டாம்மா? எங்க கெடச்சுது?"

"தாத்தாவோடது பாய். நெய்வேலில வேல பாத்தாங்க. அங்க இருந்த ரஷ்யாக்காரர்கிட்ட வாங்கினதாம்."

பாய் முகத்தில் ஒரு வெளிச்சம். நெய்வேலி அனல்மின் நிலையத்தைச் சோவியத் நாட்டு உதவியோடு கட்டியது அறுபதுகளில். 1965 முதல் மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் லட்சக்கணக்கில் செய்த ஜெனிட்-இ இது. முன்னால் 58 மில்லிமீட்டர் ஹீலியோஸ். நெற்றிக்கு மேல் தேன்கூட்டுக் கண்ணாடி போட்ட மீட்டர், பேட்டரி கேட்காதது. பாய் அதை ஜன்னல் பக்கம் திருப்பினார். முள் அசையவில்லை.

"மீட்டர் போச்சு. போனா போவுது. இருந்தாலும் உன் வேலைக்கு அது ஒதவாது."

அவளுக்கு வேண்டியது ட்யூப். தாவும் சிலந்தியை எடுக்க வேண்டும், ஃபிலிமில் எடுக்க வேண்டும். போனில் எடுத்தவை நூற்றுக்கணக்கில் இருக்கின்றன என்றாள். தாத்தாவின் கேமராவில் ஒன்றாவது வேண்டும். ஏற்கெனவே யாரிடமோ ஒரு வளையம் வாங்கியிருந்தாள். 42 மில்லிமீட்டர் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். மாட்டினால் ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறது.

"பலமா திருகுனியா?"

"இல்ல பாய். பயமா இருந்துச்சு."

"நல்ல காரியம் பண்ணே."

அவர் டின்னைத் துழாவி, பொருந்தும் என்று தெரிந்த ஒரு வளையத்தை எடுத்தார். அவளுடையதையும் அதையும் பக்கவாட்டில் சேர்த்து, மரைக்கு மரை பதியும்படி வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினார். அவளைப் பக்கத்தில் வந்து பார்க்கச் சொன்னார். நான் என் ஸ்டூலை விட்டு எழாமல் எட்டிப் பார்த்தேன். முதல் இரண்டு பல் பதிந்திருந்தன. அதற்கப்புறம் ஒவ்வொரு பல்லும் கொஞ்சம் கொஞ்சமாகத் தப்பித் தப்பி, நடுவே கோடாக வெளிச்சம் தெரிந்தது. விட்டம் இரண்டுக்கும் 42தான். ஆனால் கேமராவின் மரையில் ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர், அவள் வாங்கியதில் முக்கால் மில்லிமீட்டர். அது டெலஸ்கோப்பிலும் பொது லென்ஸ்களிலும் வரும் டி மவுன்ட். அவள் பலம் போட்டுத் திருகியிருந்தால் தாத்தாவின் கேமரா வாயில் இருந்த மரை அன்றைக்கே போயிருக்கும். அளவை எழுதி விற்கிறவருக்கு விட்டம் தெரிந்தால் போதும் என்று தோன்றிவிடுகிறது. கால் மில்லிமீட்டரைக் கண்டுபிடிக்க ஒரு ஜன்னலும் பழகிய கண்ணும் தேவைப்படுகின்றன.

கடைப் பேச்சில் இந்த மரைக்குப் பென்டாக்ஸ் ஸ்க்ரூ என்று பெயர். பென்டாக்ஸ் 1975-இல் இதைக் கைவிட்டு வேறு மவுன்டுக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஜப்பானிலும் ஜெர்மனியிலும் ரஷ்யாவிலும் செய்தவை ஒன்றோடொன்று சேரும் என்பது இந்த மரையின் பெருமை. பாய் மூன்று ட்யூப் எடுத்து வைத்தார். பழைய ரஷ்ய செட், 7, 14, 28 மில்லிமீட்டர்.

மாட்டும்போது அவர் செய்ததைப் பார்க்க வேண்டும். ட்யூபைக் கேமராவின் வாயில் வைத்து, முதலில் இடப்பக்கம் திருப்பினார், கழற்றுகிற திசையில். மெல்லச் சுற்றிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் "டிக்" என்று மிகச் சின்னதாக ஒரு சத்தம். மரையின் தொடக்கம் தொடக்கத்தில் விழுந்த சத்தம். அங்கே நிறுத்தி, பிறகு வலப்பக்கம் திருப்பினார். இரண்டு விரல் போதும்படி ஏறியது. அவளிடம் கொடுத்து அவளையும் செய்யச் சொன்னார். அவள் முதலில் வேகமாகச் சுற்றி அந்த இடத்தைத் தவறவிட்டாள். மறுபடி சுற்றினாள். "டிக்" கேட்டதும் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"ஆங். அதான். கண்ணால பாக்காத, காதால கேளு."

மூன்றும் சேர்ந்து 49 மில்லிமீட்டர். 58 லென்ஸுக்கு அது பொருளின் அளவில் ஆறில் ஐந்து பங்கைத் தரும். பாய் மேசையில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தார். அவள் வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்து, ஃபோகஸ் வளையத்தைத் திருகித் திருகிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. பாய் அவள் முழங்கையைப் பிடித்து மேசையில் ஊன்றச் செய்தார். "ரிங்க விடு. ஒடம்ப நகத்து." அவள் கேமராவோடு முன்னால் சாய்ந்தாள். சாண் தூரத்துக்கும் கிட்டே போனதும் "ஐயோ" என்றாள். நாணயம் கட்டத்தை நிறைத்திருக்கும். மூச்சு விட்டாள், போய்விட்டது. மறுபடி சாய்ந்தாள்.

இந்தப் பழைய ஹீலியோஸில் அப்பர்ச்சருக்கு இரண்டு வளையம். ஒன்றில் எண்ணை வைத்துவிட்டு, மற்றதைத் திருப்பினால் இதழ் திறக்கும், எதிர்ப்பக்கம் திருப்பினால் வைத்த எண்ணில் போய் நிற்கும். தானியங்கி ஊசி ஏதும் இல்லாததால் இந்த வெற்று ட்யூபுகளுக்கு இதைவிடத் தோதான லென்ஸ் இல்லை. பின்னால் வந்த சில லென்ஸ்களில் லென்ஸின் பின்னால் உள்ள ஊசியைக் கேமரா தள்ளினால்தான் இதழ் மூடும். அவற்றை இந்த ட்யூபில் போட்டால் எப்போதும் திறந்தே கிடக்கும். முன்னேற்றம் என்று நினைத்து வாங்கியவர்கள் பலர் அந்த லென்ஸோடு இங்கே வந்து நின்றிருக்கிறார்கள்.

பாய் பில் புத்தகத்தில் ஒரு தாளைத் திருப்பி எழுதினார். முதல் ட்யூப் தனியாக என்றால் வெளிச்சத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். மூன்றாவது மட்டும் என்றால் ஒரு ஸ்டாப் கூட்டு. மூன்றும் சேர்ந்தால் இரண்டு ஸ்டாப். லென்ஸ் தள்ளிப்போகப் போக அதே வெளிச்சம் பெரிய இடத்தில் பரவி மெலிந்துவிடும். கேமராவுக்குள் மீட்டர் இருந்தால் அதுவே பார்த்துக்கொள்ளும், ஜெனிட்டின் மீட்டர் வெளியே பார்க்கிறது, அதற்கு ட்யூப் இருப்பதே தெரியாது. உயிரோடு இருந்தாலும் உதவாது என்று அவர் முதலில் சொன்னது இதனால்தான். 400 ஃபிலிம், உச்சி வெயில், எஃப் 16, நூற்றி இருபத்தைந்தில் ஒரு பங்கு நொடி. அப்போதும் தெளிவாக விழுவது இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் கனம்தான்.

"கண்ணுல வெய்யி. மத்தது போனா போவட்டும்."

எண்ணூறு சொன்னார். அவள் கையில் அறுநூறு இருந்தது. வாங்கிக்கொண்டு, டி மவுன்ட் வளையத்தை டின்னில் போடட்டுமா என்று கேட்டார். அவள் கொடுத்துவிட்டாள். அதற்கும் ஒரு நாள் ஒரு டெலஸ்கோப்காரர் வருவார்.

அடுத்த மாதம் அவள் நெகட்டிவோடு வந்தாள். கறுப்பு வெள்ளை, ஆறு ஆறாக வெட்டிய துண்டுகள். பாய் அவற்றை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து, ஐக்லாஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டார். பெரும்பாலும் ஆட்டம். சிலவற்றில் சிலந்தி தாவிப்போய் இலை மட்டும். நான்கைந்தில் முகம் இருந்தது. அதில் சிலவற்றின் நடுவே புகைபோல் ஒரு கறுப்பு வட்டம்.

"எது எதுல இருக்குன்னு பாத்தியா?"

"வானம் பின்னால இருக்கறதுல மட்டும் பாய். இலைய வெச்சு எடுத்ததுல இல்ல."

அவர் ஐக்லாஸை எடுத்துவிட்டு அவளை ஒரு கணம் பார்த்தார். கேள்விக்கு இப்படிப் பதில் வருவது அவருக்குப் பிடித்திருந்தது. ட்யூபுகளை வாங்கி, டார்ச் விட்டு ஓட்டை இல்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு உள்சுவரை வெளிச்சத்துக்குச் சாய்த்துக் காட்டினார். 28 மில்லிமீட்டர் ட்யூபில் கறுப்புத் தேய்ந்து ஒரு பட்டையாகப் பளபளத்தது. பின்வெளிச்சம் லென்ஸ் வழியாக வந்து அந்தப் பளபளப்பில் பட்டு ஃபிலிமின் நடுவில் சிதறுகிறது. டிராயரிலிருந்து ஒட்டுத்தாள் போட்ட கறுப்பு வெல்வெட்டை எடுத்து, பட்டையாக வெட்டி, ட்யூபின் உள்ளே சுற்றி ஒட்டினார். ஓரத்தில் நூல் பிசிறு நிற்காமல் கத்தரித்தார். ஊதினார். மறுபடி சாய்த்துப் பார்த்தார். வெளிச்சம் உள்ளே போய் அப்படியே அடங்கிவிட்டது.

"எவ்ளோ பாய்?"

"அதுக்கு என்ன காசு. வெய்யி."

அவள் கிளம்பவில்லை. அலமாரியின் மேல்தட்டில், விரித்தபடி, மூலைகளில் கறுப்பு ரப்பர் பூசிக் காய்ந்துகொண்டிருந்த கும்பகோணத்துப் பெல்லோஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் முன்தட்டில் அந்தச் சின்ன என்லார்ஜர் லென்ஸை மாட்டி வைத்திருந்தார்.

"அதுவும் பென்டாக்ஸ் ஸ்க்ரூவா பாய்?"

"ஆமா."

"யாருக்காவது சொல்லி வெச்சிருக்கீங்களா?"

"இன்னும் ரெண்டு மடிப்பு பூசணும். காயணும். அதுக்குள்ள நீ போயி, அந்தச் சிலந்திக்கு முன்னால இருக்கற நாலு கண்ணும் ஒரே படத்துல தெளிவா விழற மாதிரி ஒண்ணு கொண்டா. அப்பறம் வெல பேசலாம்."

"மொத்தம் எட்டுக் கண்ணு பாய் அதுக்கு."

"மீதி நாலு பெல்லோஸ்ல."